எண்ணுவதா, எடை போடுவதா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் அநேகம். அத்தொழிலுக்கு ஆதாரம் ரஸாயன சாஸ்திரம். ஆவாரம்பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளும், 1911-ம் வருஷத்தில் ஸ்டியாஸ்னி என்பவர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய செயற்கைத் துவர்ப்புப் பொருளும் கரிம ரஸாயனத்தைச் சேர்ந்தவையே. ஆகையால், ரஸாயன விஞ்ஞானியின் தகுதியை நம் தேசத்தில் எவ்விதம் மதிப்பிடுகிறார்கள் என்னும் கேள்வி பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. பாலாற்றங்கரை வாசிகளுக்கும் உரியதாகும்.

இன்று வழங்கும் முறை யாது? ஒருவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்தனை முறை தம் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினர் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கான அட்டவணையை அமெரிக்காவில் கார்ஃபீல்டு என்பவர் 1964-ல் பிரசுரித்தார். 2005-ல் ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி இரண்டு கணக்கையும் ஒரே எண்ணாகச் சுருக்கினார்: இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையேனும் எடுத்துக் காட்டப்பட்டிருந்தால், அவருடைய எண் இருபது. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் உயர்வுக்குப் புள்ளி முறையை ஏற்படுத்திற்று. 2016 முதல் வெளிவரும் கல்வி ஸ்தாபனங்களின் தரவரிசையிலும் இக்கணக்கு இடம்பெற்றுவிட்டது.

இத்தராசில் நம்மவர் ஒருவரை நிறுத்திப் பார்ப்போம். 1915-ல் பிறந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸிடம் ஆராய்ச்சி செய்து, தாய்நாடு திரும்பி அதே கல்லூரியில் பணியாற்றியவர். 1960-ல் பட்நாகர் பரிசு பெற்றார். நம் வேலிகளில் படரும் நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோஃபொரின் என்னும் பொருளின் அமைப்பைத் தம் மாணாக்கருடன் ஆராய்ந்து கண்டதோடு நில்லாமல், அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே தொகுத்து அமைத்தும் காட்டினார். பிரித்துப் பார்த்துச் சொன்னதை மீண்டும் கட்டிக் காட்டுவதே கரிம ரஸாயனத்தில் ஐயத்துக்கிடமற்ற ருசு.

1963-ல் அவர் பம்பாய் கோரேகாவிலிருந்த ஸீபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அங்கே 1970-ஐ ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கொடி ஒன்றிலிருந்து கிடைத்த ஆன்ஸிஸ்ட்ரோக்ளாடின் என்னும் பொருளின் அமைப்பு நிர்ணயிக்கப்பட்டது. அவ்வினத்தில் அமைப்பு அறியப்பட்ட முதற்பொருள் அதுவே. சுமார் இருபது வருஷங்கள் கழித்து, 1991-ல், காமரூன் நாட்டில் வளரும் அதே குடும்பக் கொடியிலிருந்து எடுத்த மிஷெலமின் என்னும் பொருள் எய்ட்ஸ் கிருமியைச் சோதனைச் சாலையில் தடுப்பதாக அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதன் பிறகு அவ்வினம் முழுவதுமே உலகத்தாரின் கவனத்திற்கு வந்தது. மூன்று வருஷக் கணக்கைப் பார்த்து உத்தியோக உயர்வு வழங்கும் குழு, 1973-ல் அந்தக் கட்டுரையின் மதிப்பை எங்ஙனம் அறிந்திருக்கும்?

இன்னொரு குறையும் உண்டு. ஜனத்தொகை மிகுந்த துறையில் எழுதுபவனை எடுத்துக் காட்டப் பலர் இருப்பர். தோல் ரஸாயனத்தில் எழுதுபவனுக்கு வாசகரே சிலர். 1948-ல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் ஒருவர் கழிவு நீரில் கலக்கும் குரோமியத்தைக் குறைக்க வழி கண்டால், அட்டவணையில் அவர் எண் உயராமற் போகலாம். ஆனால் பாலாற்று மணலுக்கடியிலுள்ள நீர் பிழைக்கும். அந்நீர் கெட்ட கதையை வேலூர்க் குடிமக்கள் மன்ற வழக்கில் 1996-ல் ஸுப்ரீம் கோர்ட்டே எடுத்துரைத்தது. எண்ணுக்காகவே உழைக்கும்படி இளைஞரை ஏவினால், அவர்கள் ஆற்றை விட்டு அட்டவணையை நோக்கியே செல்வார்கள்.

“எண் இல்லாவிடில் சிபாரிசு தலையெடுக்குமே” என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபம் நியாயமானதே. ஜாதியும் உறவும் பார்த்து நியமித்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. எளிய குடும்பத்து இளைஞனுக்கு அச்சான கட்டுரை ஒரு கேடயம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எண்ணும் கறைபடாததன்று. ஒரே ஆராய்ச்சியை நாலு துண்டாக்கி வெளியிடலாம்; நண்பர்கள் ஒருவரையொருவர் எடுத்துக் காட்டிக் கொள்ளலாம்; பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகளும் மலிந்துவிட்டன. சிபாரிசு ஒழியவில்லை, வேஷம் மாற்றிக் கொண்டது.

நீதிமன்றத்தில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 முதல் அமலிலுள்ள புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. சாட்சிகளை எண்ணலாகாது, எடை போட வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். கட்டுரைகளுக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இது: விண்ணப்பதாரர் தம் சிறந்த ஐந்து கட்டுரைகளை மட்டும் முன்வைக்கட்டும். துறையறிந்த வெளியூரார் அவற்றைப் படித்து, காரணம் காட்டி எழுத்து மூலம் அபிப்பிராயம் கூறட்டும், அவ்வபிப்பிராயம் பகிரங்கமாகட்டும். கண்டது புதிதா, பிறர் செய்து பார்த்தால் பலிக்குமா, யாருக்குப் பயன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கட்டும். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். படிக்கப் பொறுமையும் பாரபக்ஷமற்ற மனமும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாதவர்கள் தேர்வுக் குழுக்களிலிருந்து விலகுவதே தேசத்துக்குச் செய்யும் சேவையாகும்.