வித்தியாதானமும் அதன் விலையும்

கிறிஸ்து சமயப் பாதிரிமார் அயல்நாட்டினின்றும் போந்து யாழ்ப்பாணத்திற் பாடசாலைகள் நிறுவிக் கல்வி பயிற்றிய வரலாற்றைக் குறித்து நம்மவருள் இருசாரார் இருவேறு வகையாகப் பேசக் கேட்கின்றோம். ஒருசாரார், அவர் கொடுத்த கல்வி மீன் பிடிப்பான் தூண்டிலிற் கோத்த இரையே, அதனுட் புகழத்தக்கது யாதும் இன்று என்பர். மற்றொருசாரார், அவர் செய்தது கலப்பற்ற தருமமே, அவரை எதிர்த்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் உண்ட வீட்டுக்கு இரண்டகஞ் செய்தவரே என்பர். இவ்விரு கூற்றும் பொருந்தாவென்பதும், இரண்டினும் மறைந்து கிடக்கும் உண்மையொன்று இக்காலச் சைவர்க்கு இன்றியமையாததென்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

நிகழ்ந்ததை முதற்கண் உள்ளவாறு அறிதல் வேண்டும். அமெரிக்க தேசத்து மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் 1810-ஆம் ஆண்டில் ஒரு மிஷன் சங்கம் தோன்றிற்று. அதனைச் சார்ந்தோர் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினறியும், 1824-இல் உடுவிலிற் பெண்மக்கள் உண்டு உறைந்து கற்கும் பாடசாலையொன்றும் நிறுவினர். செமினறியில் ஆங்கிலம், கணிதம், வானநூல் என்பவற்றோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் விசுவநாதபிள்ளையவர்களும் ஆண்டுக் கற்றவரே. கலித்தொகையை 1887-இல் அச்சேற்றித் தமிழுலகிற்கு உதவினார் தாமோதரம்பிள்ளையவர்கள் என்பதைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர்.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது? அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களிலுள்ள உழவரும், தொழிலாளரும், கைம்பெண்களும் தத்தம் தேவாலயங்களிற் கொடுத்த சிறுபொருளே பெரும்பங்காயிற்று. கிழமைக்கு ஒரு செம்புக்காசு வீதம் திரட்டிய மாதர் சங்கங்களும் அந்நாட்டில் இருந்தன. அக்காசு கடல் கடந்து வந்து, கொடுத்தவர் தம் வாழ்நாளில் ஒருகாலும் காணாத ஆசிரியனுக்குச் சம்பளமும், காணாத பிள்ளைக்குச் சோறும் ஆயிற்று.

இதனைச் சூதென்று மாத்திரம் சொல்லி ஒழிவாரை யாம் வினவுகின்றோம். தூண்டிலிடுவான் மீன் அகப்படாதவழி ஒரு பகலிற் சலித்து எழுந்துபோவான்; முப்பதாண்டு ஓரிடத்திருந்து இரையிடுவானோ? ஆசிரியனைத் தாங்கினாலன்றிக் கல்வி நிலைபெறாதென்பதை அவர் உணர்ந்திருந்தனர். உணர்ந்ததற்கேற்பக் கொடுத்தனர். பகைவரிடத்து உள்ளதாயினும் நற்குணம் நற்குணமேயாகும்.

இனி, அவர் செய்தது கலப்பற்ற தருமமென்பாரை நோக்குவாம். தானமாவது கொள்வோனிடத்து யாதொரு பயனும் கருதாது கொடுப்பது. பாதிரிமார் கொடுத்த கல்விக்கோ விலை குறிக்கப்பட்டிருந்தது. செலவுக்குப் பொருள் உதவிய அமெரிக்கரின் பெயரும், அவர் விரும்பிய பெரியோரின் பெயரும் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. 1841-இல் உதயதாரகை என்னும் பத்திரிகையை நடத்திய தமிழ் மாணாக்கர் இருவர்க்கும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன பெயர்களாயின. தாய் தந்தையர் தம் குலதெய்வத்தை நினைந்து இட்ட பெயர் சோற்றுக்கு ஈடாகப் பெயர்க்கப்படுமாயின் அதனைத் தானம் என்பது யாங்ஙனம்?

இதனினும் தெளிவான சான்று மற்றொன்றுண்டு. 1855-ஆம் ஆண்டில் அவ்வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. கற்பார் இல்லாமையாலன்று, கற்பிப்பார் இல்லாமையாலுமன்று. அமெரிக்காவினின்றும் வந்து ஆராய்ந்த சங்கத் தலைவர்கள், ஆங்கிலக் கல்வி பெற்றார் உத்தியோகத்தை நாடிப் போயினரேயன்றிச் சமய ஊழியத்துக்குப் போதியவாறு வந்திலரெனக் கண்டமையே காரணம். விலை வரவில்லை, ஆகவே கடை அடைக்கப்பட்டது. கலப்பற்ற தருமமாயின் அங்ஙனம் அடைக்கப்படுமோ? 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியென்னும் பெயரால் அது மீட்டும் எழுந்ததும், அவ்வூரவர் கல்வியில் வைத்த வேட்கை தணியாமையான் என்க.

நாவலரவர்கள் நன்றி மறந்தவரென்பது அறியாமை. அவர்கள் உவெஸ்லியன் மிஷனார் பாடசாலையிற் கற்றார்கள்; அங்கேயே ஆசிரியராயிருந்து உழைத்தார்கள்; பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய நூல் மொழிபெயர்ப்பிலும் துணை நின்றார்கள். பெற்றதற்கு மேலாகவே உழைப்பைக் கொடுத்து நீங்கினார்கள். நீங்கியபின் பாதிரிமாரைக் கண்டித்தெழுதியதோடு அமைந்தார்களோ? இல்லை. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள், அச்சியந்திரம் வருவித்தார்கள், பாலபாடங்கள் எழுதினார்கள், 1864-இற் சிதம்பரத்தும் ஒரு வித்தியாசாலை கண்டார்கள். கண்டனம் ஒரு கையாகவும் பாடசாலை மற்றொரு கையாகவும் கொண்டது அவர்கள் தொண்டு. நம்மவரிற் பலர் முன்னதை மாத்திரம் எடுத்துக்கொண்டு பின்னதை நழுவவிட்டனர்.

விலை கேளாது கல்வி கொடுத்தல் நமக்குப் புதிதன்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வீற்றிருந்து பாடஞ் சொன்னகாலை, ஆசிரியரையும் மாணாக்கரையும் தாங்கியது மடத்தின் அன்னமே. சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர், கிறிஸ்தவராகவே இருந்து, பிள்ளையவர்களின் அன்பிற்குரிய மாணாக்கராய் விளங்கினார். ஆண்டுப் பெயர் மாற்றமும் இல்லை. சமய மாற்றமும் இல்லை. யானும் ஓர் ஆதீன மடத்தில் உண்டு உறைந்து பாடங்கேட்டவனாதலின், ஆசிரியனுக்கு நாளைய உணவைப்பற்றிய கவலையின்மை பாடத்திற்கு எத்துணை ஆக்கந்தருமென்பதை அறிவேன்.

ஆயினும் உண்மையை ஒளித்தல் கூடாது. விலை கேட்டவர் பாதிரிமார் மாத்திரமல்லர். சைவப் பாடசாலைகளின் வாயிலில் நெடுங்காலம் பிள்ளையின் குலம் வினவப்பட்டது. சமயத்தை விலையாகக் கேட்பதினும் பிறப்பை விலையாகக் கேட்பது கொடிது. முன்னதைக் கொடுத்தற்கும் மறுத்தற்கும் ஒருவனுக்கு உரிமையுண்டு, பின்னதை மாற்ற ஒருவனாலும் இயலாது. இங்குத் திருப்பப்பட்ட பிள்ளை திறந்திருந்த பாதிரியின் வாயிலிற் புகுந்தானாயின், அவனைப் பழித்தற்கு நமக்கு வாயுண்டோ?

ஈண்டு ஒருசாரார், “இஃதெல்லாம் பழங்கதை. இலங்கையில் 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிப்பணம் பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலன அரசினர் வசமாயின. 1923-இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தார் வளர்த்த பாடசாலைகளும் அவ்வாறே ஆயின. ஆசிரியர்க்கு அரசே சம்பளம் கொடுக்கின்றது. நாம் தாங்குவதற்கு யாதுளது?” எனத் தடை நிகழ்த்துவர். அரசு கொடுப்பது பொதுக்கல்விக்கு. சமய பாடம் அங்கு உண்டாயினும் அது பரீட்சைக்கு வேண்டுமளவே. மெய்கண்ட சாத்திரங்களை உரையோடு பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கு எந்த அரசு சம்பளம் கொடுக்கும்? திருமுறைகளைப் பண்ணோடு பயிற்றும் ஓதுவாரின் பிள்ளைகள் பசியாற எந்தச் சட்டம் செய்யப்பட்டது?

வட்டுக்கோட்டைச் செமினறித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854-இல் அமெரிக்காவில் வெளிவந்தன. அவர் கருத்து யாதாயினும் ஆகுக. நம் சாத்திரத்தைக் கற்றற்கு வேண்டிய ஓய்வையும் உணவையும் அவர்க்கு அளித்தவர், சிவஞானபோதத்தின் பெயரையும் கேட்டிராத அமெரிக்க ஊரவர். அந்நூலைத் தினந்தோறும் வழிபடுவதாகச் சொல்லும் நாமோ, அதனைப் பாடஞ் சொல்லவல்ல ஒருவரைத் தாங்க ஊருக்கு ஒரு கோயிலையேனும் காட்டவல்லமோ? இராசகோபுரம் ஏழு நிலையாக உயர்கின்றது. அதன் நிழலில் தேவாரம் ஓதுவார் வேறு தொழில் தேடிப் போகின்றார்.

கோயிற்றிருப்பணி சிவபுண்ணியமன்றோவெனின், ஆம், அதனை யாம் மறுத்திலேம். கோயிலின் உட்பொருளை உணர்த்துவார் அற்றுப்போயின், மூன்றாந் தலைமுறையில் அக்கோயில் கற்குவியலாய் நிற்கும் என்பதே யாம் கூறுவது.

1983-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப்பின் இலண்டன், டொரண்டோ முதலிய நகரங்களிற் குடியேறிய நம்மவர் அவ்விடங்களிற் கோயில்கள் எடுத்துள்ளனர். அன்று அமெரிக்கர் கடலுக்கு அப்பாலிருந்து அனுப்பினர். இன்று கடலுக்கு அப்பால் நம்மவரே உளர். அனுப்பும் வழியும் எளிதாயிற்று. இனிக் குறை மனமொன்றே.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. கும்பாபிடேகத்திற்குத் திரட்டும் பொருளிற் பத்திலொரு பங்கை ஆசிரியர் நிதியாக ஒதுக்கி, அதன் வட்டியால் ஒரு சித்தாந்த ஆசிரியரையோ ஓதுவாரையோ கோயில்தோறும் தாங்குக. பெருஞ்செல்வரை எதிர்பாராது, வீடுதோறும் பிடியரிசி எடுப்பதுபோல மாதந்தோறும் சிறுபொருள் சேர்க்க. அங்ஙனம் கொடுப்பவர் பெயர்ப்பலகை வேண்டாமலும், கற்பவனது குலத்தையும் கட்சியையும் வினவாமலும் கொடுக்க. மூன்றாவது தவறின் முன்னிரண்டும் பயனிலவாம்.

பாதிரிமாரைப் பழித்தல் எளிது. அதற்குப் பொருட்செலவு இல்லை. அவர் ஆசிரியரைத் தாங்கியவாறு தாங்கி, அவர் கேட்ட விலையைக் கேளாதிருத்தலே அவர்க்கு நாம் இறுக்கும் விடை. இதனைச் சைவமெய்யன்பர்கள் சிந்தித்துச் செயற்படுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.