சர்ச்சுல பண வகுப்பு நல்லதுதான். ஆனா நம்ம டெல்டா கணக்குல நடத்துங்க!



அமெரிக்காவுல டேவ் ராம்சேன்னு ஒருத்தர். 1988-ல கடன்ல மூழ்கி திவாலானவர். பின்னாடி எழுந்து, 'ஃபைனான்ஷியல் பீஸ் யுனிவர்சிட்டி'ன்னு ஒரு வகுப்பு ஆரம்பிச்சார். அங்க ஆயிரக்கணக்கான சர்ச்சுகள்ல அது நடந்திருக்கு. 9 வாரம். மாச பட்ஜெட், முதல்ல 1,000 டாலர் அவசர நிதி, அப்புறம் சின்னக் கடன்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா அடைக்கிறது. இதுதான் பாடம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துல இதை நடத்தலாமா? தாராளமா நடத்தலாம். ஆனா பாடத்தை அப்படியே இறக்குமதி பண்ணா வேலைக்கு ஆகாது. என் கருத்து இதுதான்:

1. கணவனும் மனைவியும் சேர்ந்து வரணும்

நம்ம ஊர்ல குழுக்கடன் மனைவி பேர்ல இருக்கும். கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் பெரும்பாலும் கணவர் அக்கவுண்ட்ல விழும். மகளிர் குழு நோட்டு பக்காவா இருக்கும்; வீட்டுக்குன்னு ஒரு நோட்டு இருக்காது. ரெண்டு பேர் கணக்கையும் ஒரே பக்கத்துல எழுத வெச்சாலே பாதி வகுப்பு முடிஞ்சுது. அன்பியம், பெண்கள் சங்கம்னு ஏற்கெனவே கூடுற பழக்கம் இருக்கறதால சர்ச்சுக்கு இது சுலபம்.

2. மாச பட்ஜெட் வேண்டாம், போக பட்ஜெட் போடுங்க

சம்பா பணம் தை, மாசியில வரும். குறுவை போட்டா அடுத்த பணம் புரட்டாசி வாக்குல. நடுவுல ஏழெட்டு மாசம். சும்மா ஒரு உதாரணம்: செலவு போக கையில 1,20,000 ரூபாய் நிக்குதுன்னு வைங்க. குறுவைக்கு உழவு, நாத்து, உரம்னு 40,000-ஐ விதைநெல் மாதிரி தொடாம வைங்க. மீதி 80,000. எட்டு மாசத்துக்கு வகுத்தா மாசம் 10,000. இதுதான் உங்க 'சம்பளம்'.

பைபிள்ல யோசேப்பு செஞ்சதும் இதேதான். விளைச்சல் நல்லா இருந்த ஏழு வருஷமும் ஐந்துல ஒரு பங்கை எடுத்து வெச்சு பஞ்சத்தைத் தாண்டினார். பத்தாயம், குதிர் வெச்சிருந்த ஊருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்ல.

3. சின்னக் கடன் முதல்லங்கறது எப்பவும் சரி வராது

10 சதவீத நகைக்கடன் 15,000. மூணு வட்டிக்கு வாங்கினது 40,000. மூணு வட்டின்னா வருஷத்துக்கு 36 சதவீதம்! கையில இருக்கிற 15,000-ல நகையை மீட்டா வருஷம் 1,500 மிச்சம். அதையே வட்டிக்காரர்கிட்ட அசல்ல கட்டினா 5,400 மிச்சம். செயின் கழுத்துக்கு வந்தா மனசு நிறையும், உண்மைதான். ஆனா அந்த நிறைவுக்கு விலை 3,900 ரூபாய்.

கூட்டுறவு பயிர்க்கடனை மட்டும் தனியா எழுதுங்க. தவணைக்குள்ள கட்டினா வட்டியே இல்ல. தேதி தாண்டினா அந்தச் சலுகை போச்சு. காலண்டர்ல சிவப்புல வட்டம் போடுங்க.

4. குத்திக்காட்டக் கூடாது, எதையும் விற்கக் கூடாது

2018 நவம்பர்ல கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை மொத்தமா சாஞ்சு கடனாளி ஆனவங்ககிட்ட போய் 'சிக்கனமா இருந்திருக்கலாமே'ன்னு சொன்னா எவ்வளவு வலிக்கும்? கடன் எப்படி வந்துச்சுன்னு விசாரணை வேண்டாம். எப்படி அடைக்கலாம்னு மட்டும் பேசுங்க.

பாடம் எடுக்கறவர் இன்சூரன்ஸ் ஏஜென்டாவோ, சீட்டு பிடிக்கறவராவோ இருக்கவே கூடாது. காணிக்கை எவ்வளவுங்கறதை அந்தந்தக் குடும்பம் வீட்டுல முடிவு பண்ணட்டும். வகுப்புல அந்தப் பேச்சு வந்தா, அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டாங்க.

எப்ப ஆரம்பிக்கலாம்?

கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே, திருவருகைக் காலத்துல ஆரம்பிங்க. பண்டிகைச் செலவு, பொங்கல், அறுவடைப் பணம் மூணுமே 9 வாரத்துக்குள்ள வந்துடும். பணம் கைக்கு வந்த பிறகு போடுற பட்ஜெட், தண்ணி வடிஞ்ச பிறகு வரப்பு கட்டற மாதிரி.

சர்ச் போகாதவங்களும் குழுக் கட்டடத்துலயோ கோயில் மண்டபத்துலயோ இதையே செய்யலாம். தேவை ஒரு 40 பக்க நோட்டு, ரெண்டு பேனா. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உங்களுக்கு!