பறைக்கும் ஒரு பாடவேளை

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வுக்கு இசையை எடுத்த மாணவர்களுக்கு, பீட்டில்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பின் மூன்று பாடல்களைப் பாடமாக வைத்தது ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியம். அவற்றில் ஒன்று தம்புராவும் தில்ருபாவும் தபலாவும் ஒலிக்கும் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு. லண்டன் பிள்ளை நம் வாத்தியங்களை ஒரு ராக் குழுவின் வழியாக வகுப்பறையில் கேட்டது. திருவண்ணாமலை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ ஆண்டுவிழா நெருங்கினால்தான் பாட்டு.

பாடமாக வைக்கத் தகுந்த குழு நம்மிடமும் உண்டு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் டோலக்கும் மறுபக்கம். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே பாட்டில் மோதிக்கொள்ளும். பெயருக்கு மூலம் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சிந்தனை. இக்குழுவின் பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ‘என்ஜாயி எஞ்சாமி’ புகழ் அறிவும் இந்த மேடையில் பாடியவர்தான்.

இக்குழுவின் இசையை அரசுப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத் திருவண்ணாமலையில் தொடங்க வேண்டும் என்கிறோம். சந்தத்துக்குப் பேர்போன அருணகிரிநாதரின் ஊர் இது. செய்யாறு பக்கம் புரிசையில் தெருக்கூத்து தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பறைக்குழுவைப் பெரிய மேளம் என்று அழைக்கும் வட்டாரமும் இதுவே. ஒலிபெருக்கியில் கேட்ட அடியை அடுத்த தெருவில் ஒருவர் கையாலேயே வாசித்துக் காட்டிவிடுவார். இந்த வசதி லண்டனுக்குக் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், சுமார் எண்பது ஆண்டுகளாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த பட்டியல் சாதி மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரியில்தான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அதே ஆண்டு நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. தடுக்கட்டும். கயிற்றை அவிழ்த்த கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாமா?

கோயில் நகரத்தில் அரசியல் பாட்டா என்று கேட்பார்கள். ஐயப்பனைக் குறித்து இசைவாணி பாடிய பாட்டு 2024-ல் கிளப்பிய சர்ச்சையை நினைவூட்டுவார்கள். எல்லாப் பாட்டையும் வகுப்பில் போடச் சொல்லவில்லை. எதை, எந்த வகுப்புக்கு என்று ஆசிரியர் தீர்மானிக்கட்டும். ஆனால் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17-ஐ மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யலாம், அதையே தாளத்தோடு கேட்டால் அரசியல் என்பது என்ன நியாயம்?

நமக்குள்ள பயம் வேறு. குழு தொடங்கிய ஆண்டு எது என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டு, இதையும் கோனார் உரைக்குள் அடக்கிவிடுவார்கள். தேர்வே வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை போதும். கலைப் பாடங்களுக்கும் சேர்த்து 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் பல ஆண்டுகள் பணி நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. கலைப் பாடத்துக்கு அரசு தரும் மதிப்பு அவ்வளவுதான். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். உள்ளூர் மேளக்காரர்களை மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது ஊதியமாகாது.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பறை எந்தத் தெருப் பிள்ளையின் கைக்கு, கிதார் எந்தத் தெருப் பிள்ளையின் கைக்கு என்பதைப் பிறப்பு முடிவு செய்தால், குழுவின் பெயரையே கேலி செய்த வகுப்பாகிவிடும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும் எல்லா வாத்தியத்தையும் வாசிக்க வேண்டும். என் பிள்ளை பறையைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை வாங்கக் கூடாது.