கையில் ஓட வேண்டிய கடிகாரம் பீரோவில் தூங்கலாமா?

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. இரவு நேரம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி நோயுற்றுப் படுத்திருந்தார். ஆசிரமத்தில் பக்தர்கள் கூடி இருந்தார்கள்.

அப்போது வானத்தில் ஓர் ஒளி தோன்றியது. எரிநட்சத்திரம் போல வாலுடன் வந்த அந்த ஒளி, மெதுவாக நகர்ந்தது. அண்ணாமலையின் உச்சிக்குப் பின்னால் போய் மறைந்தது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர், பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஆன்றி கார்த்தியே பிரசோன். உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். அவரும் உடன் இருந்தவர்களும் உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார்கள். அதே நிமிடத்தில்தான் மகரிஷி மறைந்தார் என்று அங்கே தெரிந்தது.

அந்தக் கடிகாரம் எந்தக் கம்பெனி? என்ன விலை? யாரும் கேட்பது இல்லை. 8.47 என்ற மணி மட்டும் நிலைத்து நிற்கிறது. காரணம், கடிகாரம் அந்த நேரத்தில் அவர்களிடம் இருந்தது. பெட்டிக்குள் பூட்டி இருக்கவில்லை.

கடிகாரத்துக்கு முதல் லட்சணம் இதுதான். அது கையில் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக் கடிகாரம்

தமிழ்நாட்டில் கைக்கடிகாரத்துக்கும் கல்யாணத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். கூடவே கடிகாரமும் கட்டுவார்கள்.

ஒரு பெரியவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் கடிகாரங்கள் மின்னுகின்றன.

"இது போதும் மாமா" என்று மாப்பிள்ளை ஒன்றைக் காட்டுகிறார்.

"அது வேண்டாம் மாப்பிள்ளை. சபையிலே நாலு பேர் பார்ப்பாங்க. அந்தப் பெரிய கம்பெனி கடிகாரமே இருக்கட்டும்" என்கிறார் மாமனார்.

கடன் வாங்கிய பணம் கைமாறுகிறது. கல்யாணத்தன்று கடிகாரம் மாப்பிள்ளை கையில் பளபளக்கிறது. மறுவாரம் பீரோவுக்குள் போகிறது. "வேலைக்குக் கட்டிக்கொண்டு போனால் கீறல் விழுந்துவிடும்" என்று பயம். "பஸ்ஸில் கட்டிக்கொண்டு போனால் யாராவது பறித்துவிடுவார்கள்" என்று இன்னொரு பயம்.

மாமனார் மாதா மாதம் வட்டி கட்டுகிறார். மாப்பிள்ளை மணி பார்க்கச் செல்போனை எடுக்கிறார். கடிகாரம் தூங்குகிறது.

இது யாருக்கு லாபம்? கட்டிக்கொள்ளப் பயப்படுகிற கடிகாரத்துக்கு மனிதன் சொந்தக்காரன் அல்ல, காவல்காரன்!

செல்போன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானதே. செல்போன் சரியான மணி காட்டுகிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் அது வருவது இல்லை.

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் 2018-ம் ஆண்டு முதலே செல்போனுக்குத் தடை. 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம், தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி ஐகோர்ட்டின் மதுரை கிளை உத்தரவிட்டது. பள்ளிக்கூடப் பரீட்சை அறைக்குள் ஆசிரியர் செல்போனை நோண்ட முடியாது. இரண்டு கையாலும் வண்டி ஓட்டுகிறவர் பையில் இருந்து அதை எடுக்க முடியாது. நாடி பார்க்கும் நர்சுக்கு விநாடி முள் வேண்டும்.

மணி பார்க்கச் செல்போனை எடுத்தால் மணி பார்ப்பதோடு முடிவதும் இல்லை. நாலு செய்தி பார்த்து, இரண்டு படம் பார்த்து, பையில் வைத்த பிறகுதான் "மணி என்ன?" என்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்தில் ஒரே பார்வை. வேலை முடிந்தது.

உயர்ந்த கடிகாரங்கள் உழைக்கப் பிறந்தவை

லட்சக்கணக்கில் விலை போகும் பெயர் பெற்ற கடிகாரங்கள் எப்படிப் பிறந்தன? அலங்காரத்துக்காகவா? இல்லை. அவற்றில் பல, உழைப்புக்காகப் பிறந்தவை.

பிரேசில் நாட்டுக்காரர் சாண்டோஸ் டூமான், பாரிசில் ஆகாயத்தில் பறந்து காட்டிய வீரர். பறக்கும்போது இரண்டு கைக்கும் வேலை. சட்டைப் பையில் இருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை. நண்பர் லூயி கார்த்தியேயிடம் சொன்னார். 1904-ல் கையில் கட்டும் கடிகாரம் ஒன்று அவருக்காகத் தயாராயிற்று. இன்றும் அது 'சாண்டோஸ்' என்ற பெயரிலேயே விற்கிறது.

இன்னொரு கடிகாரம் பிறக்க இந்தியாவே காரணம். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே இருந்த ராணுவ அதிகாரிகள் போலோ விளையாடுவார்கள். குதிரை மீது உட்கார்ந்து மட்டையால் பந்தை அடிக்கும் ஆட்டம் அது. மட்டை பட்டுக் கடிகாரக் கண்ணாடி உடையும். "அடி தாங்கும் கடிகாரம் வேண்டும்" என்று கேட்டார்கள். முகத்தைத் திருப்பி வைத்து, உலோக முதுகை வெளியே காட்டும் கடிகாரம் செய்யப்பட்டது. 1931-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனு செய்தார்கள். அதன் பெயர் 'ரிவர்சோ'.

ரோலக்ஸ் கம்பெனி 1926-ல் தண்ணீர் புகாத கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண் அதை அணிந்து இங்கிலீஷ் கால்வாயில் நீந்தினார். 10 மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த கடல் நீரில் இருந்தார். கடிகாரம் நிற்கவில்லை!

பறக்கவும், அடி வாங்கவும், கடலில் நனையவும் பிறந்த கடிகாரங்களைப் பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைப்பது, உழவு மாட்டைக் கொலுவில் வைப்பதைப் போன்றது.

விலை கூடினால் மணி சரியாக இருக்குமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை அது அல்ல.

கடிகாரங்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, சுருள் வில்லால் ஓடுவது. அதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். அல்லது கை அசைவிலேயே அது தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும். இன்னொன்று, செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். அதற்குள் இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்தக் கணக்கில் முள் நகர்கிறது.

சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே தேறிய வில் கடிகாரம்கூட, நாளைக்குச் சராசரியாக 6 விநாடி வரை முந்தலாம். 4 விநாடி வரை பிந்தலாம். நாளைக்கு 6 விநாடி என்றால் மாதத்துக்கு 3 நிமிடம். சாதாரணச் செல் கடிகாரமோ, மாதத்துக்கே 15 விநாடி அளவில்தான் தவறும்.

அப்படியானால் லட்சங்கள் எதற்கு? கைவேலைக்கு. நல்ல உலோகத்துக்கு. பெயருக்கு. அவற்றை விரும்புவது தவறு அல்ல. கையில் பணம் இருந்து, வேலைப்பாட்டில் ஆசையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் "சரியான மணிக்காக வாங்குகிறேன்" என்று மனதை ஏமாற்றக் கூடாது. "பின்னால் விற்றால் லாபம்" என்றும் நம்பக் கூடாது. பெரும்பாலான கடிகாரங்கள் கடைப்படி இறங்கியதுமே விலை குறைந்துவிடும். அது நிலமும் அல்ல, நகையும் அல்ல.

கிரிவலப் பரீட்சை

திருவண்ணாமலை மக்களுக்குக் கடிகாரத்தைச் சோதிக்க நல்ல பரீட்சை ஒன்று ஊரிலேயே இருக்கிறது. அதுதான் பவுர்ணமி கிரிவலம்.

மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். இரவு நடை. நெருக்கமான கூட்டம். வியர்வை கொட்டும். கார்த்திகையில் மழையும் சேரும். "இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பயம் இல்லாமல் கிரிவலம் போவேனா?" என்று வாங்குகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். "போவேன்" என்றால் வாங்கலாம். "ஐயோ, அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன்" என்றால் அது அவருக்கு ஏற்ற கடிகாரம் அல்ல.

இந்தப் பரீட்சையில் தேற என்னென்ன வேண்டும்?

முதலில் அளவு. கடிகாரம் மணிக்கட்டுக்குள் அடங்க வேண்டும். வார் கோக்கும் காதுகள் மணிக்கட்டைத் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் கதவிலும் கம்பியிலும் இடிக்கும்.

இரண்டாவது, முகம். எண்களும் முட்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். இருட்டில் ஒளிரும் முள் இருந்தால் இரவு நடைக்கு நல்லது.

மூன்றாவது, தண்ணீர். '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் குதிக்கலாம் என்று அர்த்தம் அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீந்துகிறவர்களுக்கு '100 மீட்டர்' வேண்டும்.

நான்காவது, உலோகமும் வாரும். துருப்பிடிக்காத எஃகு வியர்வையைத் தாங்கும். தங்க முலாம் நாளடைவில் தேய்ந்து பல்லைக் காட்டும். தோல் வார் அழகுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையில் ஊறி நாறிப்போகும். எஃகுச் செயினோ ரப்பர் வாரோ கோடைக்கு ஏற்றது.

ஐந்தாவது, விலை. தொலைந்தால் மனம் வருந்தும், அது இயற்கை. ஆனால் அதனால் வீடு ஆட்டம் காணக் கூடாது. அந்த எல்லைக்குள் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பழுது பார்ப்பவர் யார்?

கடையில் எல்லோரும் விலை கேட்கிறார்கள். "ரிப்பேர் எங்கே செய்வது? என்ன செலவு?" என்று கேட்பவர்கள் குறைவு.

வில் கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி கடிகாரம் என்றால் அதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். செலவும் பெரிது.

எச்.எம்.டி. கடிகாரத்தின் கதை இங்கே கவனிக்கத் தக்கது. மத்திய அரசின் அந்தக் கம்பெனி, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 'ஜனதா' என்ற சாவி கொடுக்கும் கடிகாரம் வாத்தியார், குமாஸ்தா, ரெயில்வே ஊழியர் கைகளில் எல்லாம் ஓடியது. 2016-ல் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆனால் தாத்தா கட்டிய ஜனதா இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. அதைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் இருந்ததே காரணம்.

1984-ல் டாட்டாவும், தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில். உள்நாட்டுக் கடிகாரம் என்றால் மட்டம் என்று நினைப்பதும் தவறு.

எதை வாங்கினாலும் ரசீதும் உத்தரவாதச் சீட்டும் அவசியம். ரசீதில் கடிகாரத்தின் எண் இருக்க வேண்டும். பெரிய கம்பெனி பெயரைப் போட்டுப் பாதையோரத்தில் மலிவாக விற்பது போலி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பீரோ பாதுகாப்பா?

"விலை உயர்ந்த பொருளைப் பத்திரமாக வைப்பது தப்பா?" என்று கேட்கலாம். கடிகாரத்துக்குப் பீரோ பத்திரமான இடமே அல்ல! செல் தீர்ந்து கிடக்கும் கடிகாரத்தில், செல் கசிந்து உள்ளே அரித்துவிடும். வில் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் அசையாமல் வைத்தால் எண்ணெய் இறுகிவிடும். ஓடுவதே அதற்கு நல்லது.

கீறல் விழுமே என்றால், விழட்டும். உழைத்த கையில் காய்ப்பு இருப்பதுபோல, உழைத்த கடிகாரத்தில் கீறல் இருக்கும். அது அவமானம் அல்ல.

கடைக்குப் போன அந்தப் பெரியவர், மாப்பிள்ளை காட்டிய கடிகாரத்தையே வாங்கி இருக்கலாம். கடன் மிஞ்சி இருக்கும். மாப்பிள்ளையும் அதைத் தினமும் கட்டி இருப்பார். பேரன் பிறந்தபோது மணி பார்த்தது அந்தக் கடிகாரமாக இருந்திருக்கும்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை. 2,668 அடி உயர மலை உச்சியை லட்சம் கண்கள் பார்க்கின்றன. மணி 6 ஆகப்போகிறது. ஒவ்வொருவரும் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கடிகாரமே உயர்ந்த கடிகாரம். பீரோவில் இருப்பது எத்தனை லட்சம் ஆனாலும், அதற்குத் தீபம் தெரியாது.