பழனிக்குக் கூட நடப்பது



மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் முதல் கேள்வி, "சார், இந்த வருஷமும் அம்மாவோட பழனிக்கு நடக்கிறீங்களா?" என்பதுதான். நடக்கிறோம். ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரிப் பொறுமையாகப் படியுங்கள்.

திண்டுக்கல்காரர்களுக்குத் தைப்பூசப் பாதயாத்திரையை நான் விளக்க வேண்டியதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நகரத்தார் காவடி நானூறு ஆண்டுக்கு மேலாகக் குன்றக்குடி, நத்தம் வழியாக நம் ஊருக்கு வந்துதான் போகிறது. சின்ன வயதில் நாமெல்லாம் ரோட்டோரம் நின்று தண்ணீர் ஊற்றியவர்கள்தானே. இங்கிருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி தாண்டிப் பழனி சுமார் 60 கிலோமீட்டர்.

மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டு நானும் என் மனைவியும் நடக்க ஆரம்பித்தோம். "நாங்க ஜோடியாத்தான் நடக்கிறோம்" என்று பள்ளியில் பெருமையாகச் சொல்வேன். உண்மை என்னவென்றால், நான் ஆசிரிய நண்பர்களோடு வேகமாக முன்னால் போய்விடுவேன். அவள் தெருப் பெண்களோடு பின்னால் வருவாள். ஒட்டன்சத்திரத்தில் நான் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் அவள் வந்து சேர்வாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நண்பர்கள் குறைந்தார்கள். முதன்முறையாக அவள் பக்கத்திலேயே நடந்தேன். கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கிளம்புவதற்கு முன் கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு இருவர் எட்டையும் அளந்து பார்த்தேன். என் எட்டு 60 சென்டிமீட்டர். அவளுடையது 50. அதே 60 கிலோமீட்டருக்கு நான் ஒரு லட்சம் எட்டு வைத்தால், அவள் ஒரு லட்சத்து இருபதாயிரம் வைக்க வேண்டும். வெறுங்காலில், பத்து மணிக்கு மேல் சுடுகிற தாரில், சூடு குறைவாக இருக்கும் என்று வெள்ளைக் கோட்டின் மேலேயே கால் வைத்து. இத்தனை வருடமும் நான் மெதுவானவள் என்று நினைத்தவள், என்னைவிட இருபதாயிரம் எட்டு அதிகம் நடந்தவள்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். வழியெல்லாம் பந்தல். பானகம், நீர்மோர், சுக்குக்காபி. யார் நீட்டினாலும் அவள் கும்பிட்டுவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். விரதமோ என்று நினைத்துக் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "குடிச்சா எங்கங்க போறது?"

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கி அடக்கி வந்த தொற்று என்றார் டாக்டர். "இது ஒவ்வொரு தைக்கும் வர்றதுதான்" என்றாள் இவள், சாதாரணமாக. எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அடுத்த ஆண்டு வழியில் எண்ணிக்கொண்டே போனேன். அன்னதானப் பந்தல்களை எண்ண இரண்டு கை விரல்களும் போதவில்லை. ஒரு பெண் நம்பி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வரக்கூடிய கழிப்பறைகளை எண்ணினேன். ஒரு கை விரல்களே மிஞ்சின. நிர்வாகம் தற்காலிகக் கழிப்பறை வைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்கு அது போதவில்லை.

"சாமிக்குப் போறப்ப இந்தப் பேச்சு எதுக்கு மாமா?" என்று உறவுக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். இதுவும் சாமி காரியம்தான் தம்பி. மராட்டியத்தில் பண்டரிபுரத்துக்கு ஆஷாட மாதத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். அங்கே தங்குமிடங்களில் நடமாடும் கழிப்பறைகளை வரிசையாக வைப்பதைத் தொண்டாகவே செய்கிறார்கள், 'நிர்மல் வாரி' என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. அவர்கள் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

என் மாணவர்களில் பலர் இன்று அன்னதானக் குழு நடத்துகிறீர்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறீர்கள். ரோட்டோரம் தோட்டம், கடை, மண்டபம் வைத்திருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். சாப்பாடு போடக் கைகள் நிறைய இருக்கின்றன. எச்சில் இலையும் பேப்பர் தட்டும் மலையாய்க் குவிகிற அளவுக்கு இருக்கின்றன. அடுத்த பந்தலுக்கு வைத்திருக்கும் பணத்தில் நடமாடும் கழிப்பறை ஒன்றை வாடகைக்கு எடுங்கள். தண்ணீர், வாளி, விளக்கு, உள்பக்கத் தாழ்ப்பாள். பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி, அவருக்கும் சுத்தம் செய்பவருக்கும் நியாயமான கூலி. அதுவும் முடியாதென்றால், உங்கள் இடத்துக் கழிப்பறையைப் பூட்டாமல் வைத்து, 'பெண்கள் பயன்படுத்தலாம்' என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். பாதி நோய் தீரும்.

தம்பதியாக நடக்கப்போகிறவர்களுக்கு ஒரு சொல். முன்னால் போய்க் காத்திருப்பது கூட நடப்பது ஆகாது. யாருடைய எட்டு சின்னதோ அவருடைய வேகம்தான் இருவருக்கும் வேகம். ஒரு நாள் தாமதமாகப் போனாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் ஒரு மாதமாகத் தயங்கினேன். இவளுக்குக் காய்ச்சல் வந்த இரவில் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. காலையில் நிறைய தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து, சாயங்காலம் அப்படியே நிறைய எடுத்துப் போன பிள்ளைகள். "சார், வெளியே போயிட்டு வரட்டா?" என்று எழுந்து நின்றவர்களிடம், "பீரியட் முடியட்டும், உக்காரு" என்று சொன்னவன் நான். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முப்பது வருடத்தில் ஒரு நாளும் போய்ப் பார்க்காதவன். அந்த மாணவிகளில் சிலராவது இதைப் படிப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. இப்போது உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் அதைக் கேளுங்கள். வீட்டுப்பாடமாகவே தருகிறேன்.

இந்தத் தைக்கு ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மாணவரின் தோட்டத்தில் இரண்டு கழிப்பறை தயாராகிறது. ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி விளக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாளை நானே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்