பெற்ற பிள்ளை ஊரில் இருக்க வழி உண்டா?



நான் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் உட்கார பெஞ்சு கிடையாது. தரையில் முழங்காலை மடக்கி, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்காருவோம். இன்றைக்கு அதே பள்ளியில் பெஞ்சு இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. பிள்ளைகள்தான் இல்லை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பேர். இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்கிறார்கள். சாயங்கால பஸ்ஸை ஏற்கெனவே நிறுத்தியாச்சு. கேட்டால், "ஏற ஆள் இல்லையே" என்று பதில்.

ஆள் எங்கே போனார்கள்? அதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

"நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதிய காலம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நீ பெற்ற பிள்ளைதான் உன் வறுமைக்குக் காரணம் என்று அன்றைக்கு ஏழையைப் பார்த்துச் சொன்னார்கள். நாம் கேட்டு நடந்தோம். 2024, 2025 வருஷங்களில் பேச்சு மாறிவிட்டது. தென்மாநில முதலமைச்சர்களே மேடையில் நின்று, அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை சீட்டு என்பது 1971 ஜனத்தொகைக் கணக்கின்படி 1976இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கு வரைக்கும் அந்த நிறுத்தம் என்று பின்னால் நீட்டித்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குச் சீட்டு குறைந்துவிடுமோ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு வைத்தியம் நம் வீட்டுப் பெண்களின் வயிற்றில் இல்லை.

ஓர் ஊரின் ஜனத்தொகை கூடுவதற்கும் குறைவதற்கும் நாலே வழிதான். பிறப்பு, இறப்பு, வெளியூர் போவது, வெளியூரிலிருந்து வருவது. ஏரித் தண்ணீர்க் கணக்கு மாதிரி. வரத்து எவ்வளவு, போக்கு எவ்வளவு என்று இரண்டையும் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். நம்ம தலைவர்கள் ஒரு மடையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள்.

முதலில் பிறப்பு. 1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலு பிள்ளை. 2020இல் அது 1.4. ஜனத்தொகை குறையாமல் நிலையாக நிற்க 2.1 வேண்டும். இந்த மாற்றம் சுவர் விளம்பரத்தால் மட்டும் வந்ததா? 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்துப்போயின. 2020இல் அது 13. என் அம்மா ஆறு பெற்று இரண்டைப் புதைத்தவர். பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால் ஆறு பெற்றார். என் மனைவிக்கு அந்தப் பயம் இல்லை, இரண்டோடு நிறுத்தினோம். தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம், பெண்பிள்ளை படிப்பு, பள்ளியில் சோறு, வயசு வந்த பிறகு கல்யாணம் இதெல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இது நம் சாதனை. இதற்காக நாம் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இறப்பு. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தது. 1871இல் இருந்ததைவிட 1881இல் சென்னை ராஜதானியில் ஜனங்கள் குறைவு. 1918 விஷக்காய்ச்சலில் இந்தியாவின் ஜனத்தொகையே 1911ஐவிட 1921இல் குறைந்தது. கொள்ளைநோயும் பஞ்சமும் அன்றைக்கு ஊரைக் காலி செய்தன. இன்றைக்குப் பஞ்சமும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. ஊர் மட்டும் காலியாகிறது.

அதற்குக் காரணம் மூன்றாவது மடை. வெளியூர் போவது நமக்குப் புதுசு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கும் ரங்கூனுக்கும் போன வம்சம்தான் நாம். அன்றைக்குக் கங்காணி வந்து கூட்டிப் போனான். இன்றைக்குக் கடன் கூட்டிப் போகிறது. 2001 முதல் 2011 வரை தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களில் 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். அதே பத்து வருஷத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடியது. டெல்டாவில் மட்டும் பெண்கள் பெறாமல் விட்டுவிட்டார்களா? பெற்ற பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வாசலில் நிற்கிறது.

ஏன் போனான்? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஒரு தடவைகூட மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கவில்லை. குறுவை போச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது. தண்ணி வந்த வருஷமும் நிம்மதி இல்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, ஈரப்பதம் 17க்கு மேல் என்று திருப்பி அனுப்ப, மழையில் நனைந்து முளைவிட்டதைப் பார்த்த பையன் மறுவருஷம் வயலில் இறங்குவானா? என் மூத்த மகன் திருப்பூரில் இருக்கிறான். "நீ ஏன்டா போறே" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2001இல் 51 லட்சம் சாகுபடியாளர்கள். 2011இல் 42 லட்சம். விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். 2021 கணக்கெடுப்பு கொரோனாவைக் காட்டி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்கள் என்பது நம் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

நாலாவது, வருகிறவர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்றைக்கு நம் வயலில் நாற்று நடுகிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம், தோழர்களே. அவர்கள் ஊரிலும் விவசாயம் சோறு போடாததால்தான் இங்கே வந்தார்கள். நம் பிள்ளையும் இன்னொரு ஊரில் வந்தேறிதான்.

ஆள் குறைந்தது என்று பள்ளியை மூடுவார்கள். பள்ளி இல்லை என்று இருக்கிற இளம் குடும்பமும் டவுனுக்குப் போகும். பஸ் இல்லை என்று பெண்பிள்ளையை அனுப்ப முடியாதவன் வீட்டைப் பூட்டுவான். பிறகு, பார்த்தீர்களா ஆளே இல்லை என்பார்கள். மடையைத் திறந்துவிட்டு, ஏரி ஏன் வற்றியது என்று கேட்பது மாதிரி இது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் கமிஷன் 2006இல் சொன்னபடி சாகுபடிச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!

காவிரியில் நம் பங்குத் தண்ணீரை மாதக் கணக்குப்படி வாங்கிக் கொடு! கொண்டு வந்த நெல்லை அன்றன்றைக்கே கொள்முதல் செய்!

பதினொரு பிள்ளை இருந்தாலும் பள்ளியை மூடாதே! நிறுத்திய பஸ்ஸை மறுபடி ஓட்டு!

எத்தனை பிள்ளை என்பதை அந்தந்த வீட்டுப் பெண் முடிவு செய்துகொள்வாள். பிறந்த பிள்ளை பிறந்த ஊரில் மானத்தோடு பிழைக்க வழி செய்வதுதான் சர்க்கார் வேலை. தாலுகா ஆபீஸ் முன்பு நாம் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். ஊரில் ஆள் இல்லை என்று சொன்னவர்கள் அன்றைக்கு நம் கூட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும்!

தோழமையுடன்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்