ஒளிக்க ஒன்றுமில்லாதவரின் கணினி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பான் அட்டைக்கு விண்ணப்பிக்க, வருமானச் சான்றிதழ் எடுக்க, மின்கட்டணம் கட்ட என்று காலை முதல் இரவு வரை கூட்டம் நிற்கும். போன மாதம் என் முறைக்காகக் காத்திருந்தபோது, கடைக்காரர் போட்டோ திருத்தும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கியதல்ல, கிராக் போட்டது. கூடவே வந்த குறிப்பின் முதல் வரியே ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்றது. அணைத்தார். கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று திரை கேட்டது. ‘யெஸ்’ அழுத்தினார்.

“அண்ணே, அதோட வேற என்ன உள்ள வருதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“வந்தா வரட்டும் சார். நம்மகிட்ட என்ன இருக்கு, எடுத்துட்டுப் போறதுக்கு?”

படிக்காதவர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓய்வுபெற்ற அதிகாரியும் கல்லூரி ஆசிரியரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். பெகாசஸ் என்ற உளவு மென்பொருளைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. உளவு மென்பொருள் என்றால் தலைவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் வைக்கிற குறி, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நிம்மதி பொய்யானது. அதோடு, மற்றவர்களுக்கும் கேடு செய்வது.

பெகாசஸ் தூண்டில் என்றால், சாதாரண உளவு மென்பொருள் இழுவை வலை. அது ஆளைப் பார்த்து வருவதில்லை. கிராக், விளையாட்டுக்கான சீட் கோடு, போலி அப்டேட் அறிவிப்பு, மின்னஞ்சலில் வரும் ‘இன்வாய்ஸ்’ என்று எதன் முதுகிலாவது ஏறி வந்து, சிக்கியதை வாரிக்கொண்டு போகிறது. பிரவுசரில் நாம் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளுகிறது. விசையில் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்கிறது. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டு, தகவல் கணினியை விட்டுக் கிளம்பிய பிறகு வழியில்தான் காக்கும். விசையைத் தட்டும்போதே பக்கத்தில் நின்று பார்ப்பவனை அது தடுக்காது.

ஓடிபி காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். பொருட்காட்சியில் ஒருமுறை சீட்டு வாங்கினால் கையில் முத்திரை குத்துவார்கள், அதைக் காட்டி மறுபடி உள்ளே போகலாம். நாம் ஒரு தளத்தில் நுழைந்ததும் பிரவுசரில் அப்படி ஒரு முத்திரை பதிகிறது. குக்கி என்று அதற்குப் பெயர். அதைத் திருடியவனிடம் பல தளங்கள் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

‘ஒளிக்க எதுவுமில்லை’ என்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க என்று அதில் வைத்த மென்பொருள் 50,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளின் கேமரா படங்களும், திரையில் இருந்தவற்றின் படங்களும் அதில் இருந்தன. ஒரு மாணவனைத் துணை முதல்வர் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் விவரம் வெளியே வந்தது. படத்தில் அவன் கையில் இருந்ததை மாத்திரை என்று சந்தேகித்தார்கள், அது மிட்டாய் என்றது குடும்பம். 2010-இல் வழக்காகி, 6,10,000 டாலர் கொடுத்து நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பையனிடம் ஒளிக்க என்ன இருந்தது?

இன்னொன்று 2012-இல் வெளியானது. சொந்தமாக வாங்க வசதியில்லாதவர்கள் வாடகைக்கு எடுத்த கணினிகளில் டிசைனர்வேர் என்ற நிறுவனத்தின் மென்பொருள் இருந்தது. ஏறத்தாழ 4,20,000 கணினிகளில் அது ஏற்றப்பட்டிருந்தது என்றது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம். வாடகைக் கடைக்காரர் நினைத்தால் கேமராவையும் விசைப்பதிவையும் திறந்துவிடலாம். குழந்தைகள் உட்பட வீட்டில் இருந்தவர்கள் படத்தில் விழுந்தார்கள். தவணைக்குக் கணினி எடுத்த ஏழைகளைத்தான் அது வேவு பார்த்தது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. உளவு மென்பொருள் பார்க்க மட்டும் செய்யும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உள்ளே கொண்டுவந்து வைக்கவும் செய்யும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். அப்போது அவருக்கு வயது 83. 2021 ஜூலை 5 அன்று, விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் கணினியின் நகலை, வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் என்ற கணினித் தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. ஊடுருவியவர்கள் பல ஆண்டுகள் அந்தக் கணினியில் இருந்தார்கள், அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட ஆவணங்களை அவர்களே கோப்புறையில் வைத்தார்கள் என்று 2022 டிசம்பரில் அதன் அறிக்கை வந்தது. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினி பற்றி ஆர்செனல் முன்னர் தந்த அறிக்கையைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. வழக்கின் முடிவு எதுவானாலும், தொழில்நுட்பம் சொல்லும் செய்தி ஒன்றுதான்: கணினியைக் கைப்பற்றியவனால் அதில் எதையும் எழுத முடியும். வில்சனின் கணினியில் ஆர்செனல் கண்டது நெட்வயர். இணையத்தில் எவரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த நிரல் அது. அதை விற்ற தளம் 2023 மார்ச்சில்தான் முடக்கப்பட்டது.

தற்காப்பு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையல்ல. கிராக் மென்பொருளை நிறுத்தினால் பெரிய வாசல் ஒன்று அடைபடும். போட்டோ திருத்த கிம்ப், கடிதம் அடிக்க லிப்ரே ஆபிஸ் என்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை எந்தக் குறிப்பு சொன்னாலும் அணைக்கக் கூடாது. அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் பாதி விஷமத்துக்குக் கை கட்டப்படும். பிரவுசரில் எப்போதோ சேர்த்த எக்ஸ்டென்ஷன்களில் தெரியாததை நீக்கிவிடலாம். தொற்றிவிட்டது என்று உறுதியானால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. முதலில் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும்.

அந்தக் கடைக்காரர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவருடையது என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தபோது நானே பார்த்தேன். யார் யாருடைய ஆதார் நகலோ, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமோ, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோ வரிசை வரிசையாக அழிக்கப்படாமல் கிடந்தன. கடை நடத்துகிறவர்களை வேண்டிக் கேட்கிறேன்: இன்று இரவு கடை அடைக்கும் முன் அந்தக் கோப்புறையைக் காலி செய்யுங்கள், கிராக் போட்டதை எடுத்துவிடுங்கள். கடையில் ஆதாரைக் கொடுக்கிறவர்களே, வேலை முடிந்ததும் உங்கள் கோப்பைக் கண்முன்னே அழிக்கச் சொல்லிவிட்டு நகருங்கள்.